மெர்போக் சடக்கும் சக்கர வீடுகளும்

பீடோங்கிலிருந்து செமெலிங் வழியாக மெர்போக் போகும் சாலையில் வலது பக்கம் ஜெராய் மலை கூடவே வரும். 1,217 மீட்டர் உயரம். மேகம் இறங்கிய நாளில் பாதி மலைதான் தெரியும். இடது பக்கம் வயல், செம்பனை, அதற்கும் அப்பால் மெர்போக் ஆற்றின் அலையாத்திக் காடு. நம்மில் பலருக்கு இந்த வட்டாரம் தாத்தா பாட்டி ஊர். ஹார்வர்ட் தோட்டம், சுங்கை பத்து தோட்டம் என்று பெயரைச் சொன்னாலே வீட்டுப் பெரியவர்கள் லயன் வீட்டு எண் வரை சொல்லிவிடுவார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு பிள்ளைகள் சுங்கை பட்டாணிக்கும் பினாங்குத் தொழிற்சாலைகளுக்கும் நகர்ந்தார்கள். லயன்கள் காலியாயின.

இப்போது பேரப்பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள், வார இறுதிக்கு மட்டும். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலம் முடிந்ததிலிருந்து கூடாரம் அடித்துத் தங்கும் ஆசை நம் குடும்பங்களையும் பிடித்துக்கொண்டது. ஹோட்டல் வாடகை மிச்சம், பிள்ளைகளுக்கு ஆறு, அம்மாவுக்கு அடுப்பில்லாத ஒரு நாள் என்று தொடங்கியது. கூடாரத்திலிருந்து கூரைக் கூடாரம், அதிலிருந்து பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் என்று வளர்ந்தது. சனிக்கிழமை காலையில் மெர்போக் பட்டணத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றால் இரண்டு மூன்று டிரெய்லர்களாவது கடந்து போவதைப் பார்க்கலாம். ஒரு பக்கம் திறந்தால் சமையல் மேடை, மறுபக்கம் படுக்கை. பக்கவாட்டில் மலை, டயர்த்தடம், பெரிய எழுத்தில் 'ஆஃப் ரோட்'.

அந்த இரண்டு சொல்லுக்கு என்ன பொருள் என்று மெர்போக்கின் சடக்குகள் நன்றாகவே சொல்லித் தருகின்றன. சக்கர வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ நினைக்கும் குடும்பங்கள் பணம் கட்டுவதற்கு முன் இந்தப் பக்கம் ஒருமுறை வந்து போவது நல்லது.

தாரில் ஒரு வண்டி, செம்மண்ணில் வேறு வண்டி

பெருஞ்சாலையிலும் மெர்போக் வரையிலான தார்ச் சாலையிலும் எந்த டிரெய்லரும் நன்றாகத்தான் ஓடும். விற்பவர் காட்டும் சோதனை ஓட்டமும் இப்படிப்பட்ட சாலையில்தான் நடக்கும். மலையடிவாரத்தில் தூப்பா பக்கமோ செம்பனைக்குள் போகும் ஏதாவது ஒரு தோட்டச் சடக்கிலோ திரும்பியதும் கதை மாறுகிறது. செம்மண்ணும் கல்லும் கலந்த பாதை. மழையில் பள்ளம் விழும், வெயிலில் கல்லாக இறுகும். பழம் ஏற்றும் லோரிகள் தினமும் போவதால் குறுக்கே அலை அலையாக மேடுகள் எழும். பழைய துணி துவைக்கும் பலகையைக் கண்டவர்களுக்குப் படம் உடனே புரியும்.

பெரிய பள்ளத்தைவிட இந்தச் சின்ன அலைகள்தான் டிரெய்லருக்கு எமன். பள்ளம் கண்ணுக்குத் தெரியும், ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். அலை மேடு தெரிவதில்லை. முக்கால் மீட்டருக்கு ஒரு மேடு என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோமீட்டரில் ஒவ்வொரு சக்கரமும் 1,300க்கும் மேற்பட்ட அடி வாங்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வினாடிக்கு ஏறக்குறைய 15 அடி. ஒவ்வொரு அடியும் சின்னதுதான். ஆனால் இரும்பு வலுவான ஒரே அடியில் முறிவதைவிடச் சின்ன அடிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து வெடிப்பதுதான் அதிகம். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிக்கிறோமே, அதே வேலைதான் அடியில் நடக்கிறது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. காரில் ஏதாவது ஆடினால் நம் முதுகுக்கு உடனே தெரியும். டிரெய்லரில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. குளிரூட்டியும் பாட்டும் ஓடும் காருக்குள், பின்னால் ஒரு பட்டை ஒடிந்த சத்தம் கேட்பதே இல்லை. சக்கரம் சாய்ந்து டயர் உடம்பில் உரசிப் புகை வந்த பிறகுதான் பின்னால் வருகிறவர் விளக்கடித்துச் சொல்வார்.

பட்டறையில் ஒரு சனிக்கிழமை

மெர்போக்கிற்குச் சற்று முன்னால் தோட்ட டிராக்டர்களையும் பழ லோரிகளையும் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிறவருக்கு அறுபது வயதுக்கு மேல். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் கையாளாகச் சேர்ந்து தொழில் பழகியவர். இப்போது வார இறுதியில் அவர் பட்டறைக்கு வரும் புதுவகை நோயாளிகள் இந்தச் சக்கர வீடுகள்தான் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

அன்று அங்கே நின்றது ஓர் இளம் தம்பதியின் டிரெய்லர். கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பொறியியலாளர், மனைவி தாதி. இரண்டு பிள்ளைகள். இரண்டு பேரின் சேமிப்பு, கொஞ்சம் கடன் என்று இருபதாயிரம் வெள்ளிக்கும் மேல் கொடுத்து உள்நாட்டில் செய்து வாங்கியது. வாங்கி ஐந்து மாதம். தோட்டச் சடக்கில் ஆறு கிலோமீட்டர் போனதும் இடது சக்கரம் சாய்ந்துவிட்டது. பழ லோரிக்காரர் ஒருவர்தான் கட்டித் தூக்கி இங்கே கொண்டுவந்து சேர்த்தார்.

"குனிஞ்சி பாருங்க தம்பி," என்றார் பட்டறைக்காரர். "ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் ஸ்பிரிங்கத்தான் கேட்டு வாங்குறாங்க. ஸ்பிரிங்கப் புடிச்சிக்கிட்டு இருக்கிற காது இருக்கு பாருங்க, அத யாரும் கேக்கறதில்ல."

சேசிக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இருக்கும் இரும்புத் துண்டைத்தான் அவர் காது என்கிறார். மெல்லிய தகட்டில் வெட்டி, சேசியின் அடிப்பக்கத்தில் ஒரே கோடு வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். பக்கவாட்டு உதைப்பைத் தாங்க ஒரு முட்டு இல்லை. வெல்டிங் ஓரத்திலிருந்தே தகடு காகிதம் போலக் கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தில் பாதிக்கு மேல் துரு. மீதி புதுசாகப் பளபளத்தது. துருப்பிடித்த பாதி சில வாரங்களுக்கு முன்பே வெடித்துவிட்டது, பளபளக்கும் பாதி இன்றைக்குக் கிழிந்தது என்று அவர் விரலால் தொட்டுக் காட்டினார்.

அப்படியானால் இவர்கள் பாதி கிழிந்த காதோடு பெருஞ்சாலையில் வந்திருக்கிறார்கள். அந்தத் தாதியின் முகம் அப்போதுதான் மாறியது. செம்மண் சடக்கில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் சாய்ந்த சக்கரம், நூறைத் தொடும் வேகத்தில் லோரிகளுக்கு நடுவில் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பழ எடைமேடையில் ஒரு கணக்கு

பட்டறைக்காரர் அடுத்துச் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தற்காலிகமாக முட்டுக்கொடுத்துக் கட்டி, டிரெய்லரை மெல்ல இழுத்துக்கொண்டு பக்கத்திலுள்ள செம்பனைப் பழக் கொள்முதல் மையத்துக்குப் போனார். பழ லோரிகளை எடைபோடும் மேடை அங்கே உண்டு. காரைக் கழற்றி டிரெய்லரை மட்டும் நிறுத்தியபோது 940 கிலோ காட்டியது.

டிரெய்லரின் தகட்டில் பொறித்திருந்த உச்ச எடை 750 கிலோ. விற்றவர் கொடுத்த தாளில் வெறும் வண்டியின் எடை 690 கிலோ. மிச்சம் 60 கிலோதான். ஆனால் அதே வண்டியில் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டியை நிரப்பினாலே வரம்பு தாண்டிவிடும். அதற்குமேல் எரிவாயுத் தோம்பு, பேட்டரி, குளிர்பெட்டி, பந்தல் துணி, பாத்திரம், நான்கு பேரின் துணிமணி. இந்த வண்டியை இப்படித்தான் பயன்படுத்துவார்கள் என்று தெரிந்தே தொட்டியும் அடுப்பும் வைத்துக் கொடுத்தவர், அந்தப் பயன்பாட்டுக்குப் போதாத அச்சைக் கீழே பொருத்தியிருக்கிறார். குடும்பம் எதையும் அதிகமாக ஏற்றவில்லை.

சக்கர வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்தக் கழித்தல் கணக்கைத்தான். உச்ச எடையிலிருந்து வெறும் எடையைக் கழித்தால் வருவதுதான் உங்களுக்குச் சொந்தமான கிலோ. அதில் தண்ணீர், எரிவாயு, சாப்பாடு, உடை எல்லாம் அடங்க வேண்டும். இணைப்புப் பந்தின் மேல் எவ்வளவு எடை இறங்குகிறது என்பதும் முக்கியம். ஆஸ்திரேலியாவில் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு, ஐரோப்பாவில் இதைவிடக் குறைவு. பின்பக்கம் பாரம் கூடி முன்பக்கம் மிகவும் இலகுவானால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் தொடங்கினால் காரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

தோட்டத்து டிரெய்லர் ஏன் உடையவில்லை?

பட்டறையின் ஓரத்தில் பழைய பழ டிரெய்லர் ஒன்று நின்றது. டிராக்டருக்குப் பின்னால் போவது. அதில் ஸ்பிரிங்கே இல்லை. அச்சு நேராகச் சேசியில் கட்டப்பட்டிருக்கிறது. குலைகளை ஏற்றிக்கொண்டு இதே சடக்கில் ஆண்டுக்கணக்காக ஓடியது. இது உடையவில்லை, அந்த 'ஆஃப் ரோட்' ஐந்தே மாதத்தில் உடைந்தது, எப்படி என்று கேட்டேன்.

"அது பதினஞ்சிலதான் போவும் தம்பி," என்று சிரித்தார். "இரும்பும் கனம். போறதும் மெதுவு. இவங்க வண்டிய ஹைவேயில நூறுல ஓட்டணும், வூட்டுக்காரம்மா தூங்கணும், தோட்டத்துலயும் அறுவதுல போவணும்னு கேக்கறாங்க. எல்லாத்தையும் ஒரே வண்டி செய்யணும்னா செய்யலாம். ஆனா காசு அடியில போவணும். இவங்க காசெல்லாம் மேலதான் போயிருக்கு. அலமாரியப் பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு."

அவர் சொன்னதன் அடிப்படை நாம் பள்ளியில் படித்ததுதான். வேகம் நான்கு மடங்கானால் மோதும் ஆற்றல் பதினாறு மடங்கு. மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் டிராக்டர் டிரெய்லரும் 60இல் போகும் சக்கர வீடும் ஒரே சடக்கில் ஓடினாலும் அவை வாங்கும் அடி ஒன்றல்ல.

ஸ்பிரிங் மட்டும் இருந்தால் போதும் என்பதும் பாதி உண்மைதான். ஸ்பிரிங் அடியை வாங்கித் தனக்குள் சேமித்து, உடனே திருப்பி உதைக்கும். அந்த உதைப்பை அடக்கி வெப்பமாக மாற்றிக் கரைப்பது ஷாக் அப்சார்பர். லீஃப் ஸ்பிரிங்கில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் கொஞ்சம் அடங்கும். அலை மேட்டுச் சடக்குக்கு அது போதாது. சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் துள்ளிக்கொண்டே போகும். அப்சார்பர் இருந்தாலும் தொடர்ந்து அடிபட்டால் உள்ளே எண்ணெய் சூடாகி நுரைத்துப் போகும். அதனால்தான் அனுபவசாலிகள் நடுநடுவே நிறுத்தி, அப்சார்பருக்கு அருகில் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்க்கிறார்கள். செம்மண்ணில் டயர்க் காற்றைச் சற்றுக் குறைத்து வேகத்தையும் குறைப்பார்கள். தாருக்கு ஏறியதும் மீண்டும் நிரப்புவார்கள். டயரே முதல் ஸ்பிரிங் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஆடும் வகைதான் உயர்ந்தது என்று விளம்பரங்கள் சொல்கின்றன. நன்றாகச் செய்தால் உயர்ந்ததுதான். அந்தக் கையின் ரப்பர் புஷ் தேய்ந்தாலோ கை வளைந்தாலோ உதிரிப்பாகம் எங்கிருந்து வரும் என்றும் கேட்க வேண்டும். லீஃப் ஸ்பிரிங் ஒடிந்தால் பழ லோரி ஓடும் எந்த ஊரிலும் மாற்றிக்கொள்ளலாம். பீடோங்கில் சரிசெய்ய முடியாத பொருளைக் கட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போவது வசதியில் சேராது.

தண்ணீர் புகும் வழிகள்

மெர்போக் வட்டாரத்தில் இரும்புக்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஆற்று நீர், மற்றது உப்புக் காற்று. தஞ்சோங் டாவாய் முகத்துவாரத்தில் கருவாட்டு வாசனையோடு வரும் காற்றில் உப்பு இருக்கிறது. குழாய் வடிவச் சேசியில் வெளியே மட்டும் சாயம் பூசிவிட்டால் உள்ளே வியர்த்து நிற்கும் நீர் துருவாக மாறும். அடியில் நீர் வடியத் துளை இருக்கிறதா, துத்தநாகக் குளியல் கொடுத்த இரும்பா, குளியலுக்குப் பிறகு வெல்டிங் வைத்துப் பூச்சைக் கெடுத்தார்களா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள்.

ஆறு இன்னும் நயமாகக் கெடுக்கும். நீண்ட தூரம் ஓடிய சக்கரத்தின் பேரிங் சூடாக இருக்கும். அப்படியே ஆழமில்லாத ஓடையில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, ரப்பர் மூடியின் ஓரமாக நீரை உறிஞ்சிவிடும். கிரீஸ் பால் போல வெளுத்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குப் போகும் வழியில் பேரிங் இறுகும். ஓடைக்கு முன்னால் சற்று நிறுத்திச் சக்கரத்தைக் குளிர விடுவது, தண்ணீரில் இறங்கி வந்தால் பேரிங்கைத் திறந்து பார்ப்பது, இரண்டும் காசில்லாத பாதுகாப்பு.

மேல்பகுதியின் கதை வேறு. பலகைச் சட்டத்தில் ஆணியும் ஸ்டேப்பளும் அடித்த சுவர் அலை மேட்டில் ஆடி ஆடித் துளை பெரிதாகும். அதை மறைக்கச் சிலிக்கான் பசை. நம் நாட்டு வெயிலில் பசை வெடித்ததும் மழை உள்ளே போகும். பலகை உப்பும். மெத்தையை அழுத்தினால் புளித்த வாடை வரும். கடையில் நிற்கும் புது வண்டியில் பசை தாராளமாக அப்பியிருந்தால் அது கவனிப்பின் அடையாளமா, மறைப்பின் அடையாளமா என்று யோசிக்க வேண்டும்.

மலை தரும் எச்சரிக்கை இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் ஜெராய் உச்சியில் கொட்டிய மழை, மரமும் பாறையுமாக அடிவாரத்துக்கு இறங்கியது. 'கெப்பாலா ஆயர்' என்று நம் பிள்ளைகளும் அறிந்த அந்தத் திடீர் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. ஆற்றோரத்தில் சக்கரம் சாய்ந்து நகர முடியாத டிரெய்லர் இருந்தால், கடன் கட்டிக்கொண்டிருக்கும் பொருளாயிற்றே என்று யோசிக்கும் ஒரு நிமிடம்தான் ஆபத்து. மலைமேல் இருட்டினால், தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால் வண்டியை விட்டுவிட்டு மேடேற வேண்டும்.

ஆஸ்திரேலியாவிலும் இதே வழக்கு

நம் இளைஞர்கள் ஆசைப்படும் டிரெய்லர்களின் தாய்வீடு ஆஸ்திரேலியா. அங்கே எல்லாம் தரம் என்ற எண்ணம் நமக்கு உண்டு. அந்நாட்டின் போட்டி, பயனீட்டாளர் ஆணையம் 2022 ஜூலையில் புது கேரவன் விற்பனை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்காகக் கருத்துச் சொன்ன 2,000க்கும் அதிகமான பயனீட்டாளர்களில் 80 விழுக்காட்டினர் தங்கள் கேரவனில் ஏதாவது ஒரு கோளாறு கண்டதாகத் தெரிவித்தார்கள். குறை உள்ளவர்கள்தாம் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு ஆர்வமாகப் பதில் சொல்வார்கள் என்று கழித்துக்கொண்டாலும் எண் பெரிது.

அதே ஆணையம் 2025இல் ஜேகோ என்ற பெரிய கேரவன் நிறுவனத்தின் மீது நீதிமன்றம் சென்றது. கரடுமுரடான பாதைகளில் தங்கள் வண்டிகள் போவதைப் போல விளம்பரம் செய்துவிட்டு, அப்படிப்பட்ட பாதைகளுக்கு உத்தரவாதத்தில் இடமில்லாமல் வைத்தது வாங்குகிறவர்களைத் தவறாக எண்ண வைக்கும் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் எழுந்த கேள்வி மெர்போக் பட்டறையில் எழுந்த அதே கேள்விதான். படத்தில் காட்டிய பாதை உத்தரவாதத் தாளிலும் இருக்கிறதா?

பாயான் லெப்பாஸ் தம்பதி அன்றே விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்டது. தோட்டச் சடக்கில் ஓட்டினால் உத்தரவாதம் செல்லாது என்பது பதில். வண்டியின் பக்கத்திலேயே 'ஆஃப் ரோட்' என்று எழுதியிருக்கிறதே என்றார் கணவர். அது மாடலின் பெயர் என்றது மறுமுனை.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், வாங்குகிறவர் தெரிவித்த நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. உத்தரவாதத் தாளில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் இது பொருந்தும். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் தாக்கல் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுக்குள் செய்ய வேண்டும். எப்படி எழுதுவது என்று தயங்குகிறவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளை நாடலாம்.

சாட்சிதான் முக்கியம். பட்டறைக்காரர் புது வெல்டிங் வைப்பதற்கு முன்பே கிழிந்த காதை எல்லாப் பக்கமும் படமெடுக்கச் சொன்னார். கழற்றிய துண்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்தார். எடைமேடை ரசீது, விளம்பரப் படம், விற்றவரோடு நடந்த குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்துவைத்துத் தம்பதி மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள் இழுத்துச் செல்லப்படும் வண்டியும் அடங்கும். எனவே டிரெய்லரின் பதிவு, காரின் இழுவை வரம்பு, காப்புறுதி மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுத்தான் முன்பணம் கட்ட வேண்டும். 'எல்லாம் பார்த்துக்கலாம்' என்பது எந்தத் தாளிலும் நிற்காது.

கல்லும் இரும்பும் இருந்த ஊர்

டிரெய்லர் சரியாகும் வரை காத்திருக்கும் குடும்பங்களுக்கு மெர்போக்கில் பார்க்க நல்ல இடம் உண்டு. 1980இல் திறக்கப்பட்ட பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் அடிவாரத்தில் இருக்கிறது. நாம் கடாரம் என்று சொல்லி வளர்ந்த மண் இது. மேலே படியேறினால் சண்டி புக்கிட் பத்து பஹாட். 1936, 1937இல் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்தது, 1959, 1960இல் கற்களை அடுக்கி மீட்டெடுத்தது. அங்கே வரிசையாகக் குழி வைத்த கல் தூண்பாதங்களைப் பாருங்கள். மரத் தூண்கள் நின்ற இடம் அது. மரமும் கூரையும் என்றோ மக்கிப் போயின. பாதக் கற்கள் இன்னும் இடத்தில் இருக்கின்றன.

பீடோங் பக்கம் சுங்கை பத்துவில் செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே பழங்கால இரும்பு உருக்கிய இடங்களைத் தொல்லியலாளர்கள் தோண்டிக் கண்டார்கள். உலைக்குக் காற்றூதிய சுடுமண் குழாய்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இரும்பின் குணம் அறிந்தவர்கள் வாழ்ந்த மண்ணில், இப்போது மெல்லிய தகட்டுக் காது கிழிந்து ஒரு குடும்பம் நடுவழியில் நிற்கிறது என்று பட்டறைக்காரரிடம் சொன்னேன். அவர் அதற்கெல்லாம் அசைகிறவர் இல்லை. "இரும்பு அப்பவும் இதான், இப்பவும் இதான் தம்பி. அளவுலதான் கஞ்சத்தனம் வந்துருச்சி," என்றார்.

கையில் ஒரு விளக்கோடு

அன்று அவர் பழுதுபார்த்த விதத்தைப் பார்த்ததே ஒரு பாடம். பழைய காதைப் போல இரண்டு மடங்கு கனமான தகடு. உள்பக்கம் முக்கோண முட்டு. வெல்டிங்கைச் சேசியின் குறுக்கே இழுக்காமல் நீளவாக்கில் இழுத்தார். குறுக்கே போட்டால் அந்தக் கோட்டிலேயே வெடிப்பு தொடங்கும் என்றார். முன்னால் இழுவைக் கம்பி சேசியோடு சேரும் இடத்தையும் சுரண்டிப் பார்த்தார். வெடிப்பு விரும்பித் தங்கும் இன்னொரு இடம் அது. எடைக்கு ஏற்ற அச்சை மாற்றும் வரை தண்ணீர்த் தொட்டியை நிரப்பக் கூடாது, ஆற்றங்கரைக்கு வந்தபின் குடத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று கறாராகச் சொன்னார்.

கடைசியில் யூ போல்ட் நட்டுகளை இறுக்கி, சக்கர நட்டுகளையும் இறுக்கி, நட்டுக்கும் அதன் அடித்தகட்டுக்கும் சேர்த்து வெள்ளைச் சாயத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. உடைந்து இரண்டாகத் தெரிந்தால் தளர்ந்துவிட்டது. முதல் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் கட்டாயம் மறுபடி இறுக்க வேண்டும். புது வண்டி வாங்கினாலும் இதே விதிதான். கடைக்காரர் சொல்ல மறந்தாலும் நாம் மறக்கக் கூடாது.

அன்றிரவு டிரெய்லரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு, அவர் கொடுத்த தார்ப்பாயையும் தங்களிடம் இருந்த பழைய கூடாரத்தையும் எடுத்துக்கொண்டு அந்தக் குடும்பம் ஆற்றுக்குச் சற்று மேலே மேட்டில் தங்கியது. பிள்ளைகளுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

போன மாதம் அந்தத் தாதி குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். மன்றத்தில் விசாரணைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். டிரெய்லர் மறுபடி ஓடுகிறது, பெரும்பாலும் தாரில்தான். எட்டு வயது மகளுக்குப் புது வேலை கிடைத்திருக்கிறதாம். வண்டி எங்கே நின்றாலும் கைவிளக்கை எடுத்துக்கொண்டு அடியில் குனிந்து, வெள்ளைக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, "பத்தும் நேரா இருக்குப்பா, போகலாம்" என்று சொன்ன பிறகுதான் அப்பா எஞ்சினை முடுக்குகிறாராம்.